பதிவுகள் ஏதுமில்லை

ரெஜைனாவில், ஏழாம் மாடியில்,
ஆலங்கட்டி மழைக்குக் காப்பீடு விற்கும் சங்கத்தில்
எனக்குக் கொடுத்த வேலை இது:
மெயின்ஃப்ரேமில் கிடக்கும் நாற்பது வருட அறிக்கைகளை எண்ணு.
யாரும் பார்க்காதவற்றை அணை.

கறுப்புத் திரை. பச்சை எழுத்து.
எட்டாம் விசை முன்னே தள்ளும், ஏழாம் விசை பின்னே.
தாளின் அகலம் நூற்று முப்பத்திரண்டு எழுத்து,
திரைக்கோ எண்பதுதான்.
ஆகவே விவசாயியின் பெயர் தெரியும், பயிர் தெரியும்,
தொகை தெரியாது.
பதினோராம் விசையை அழுத்தி வலப்பக்கம் போகவேண்டும்.
போனால் பெயர் மறைந்துவிடும்.
மசூர், ஆளி, கனோலா, எண்பது சதவீதச் சேதம்.
யாருக்கு என்பதை மனதில் பிடித்துக்கொண்டு
எவ்வளவு என்று படிப்பேன்.

ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் ஓர் ஒன்று நிற்கும்.
அது கணக்கல்ல, கட்டளை:
புதுத் தாள் எடு.
அச்சு இயந்திரத்தை விற்று இருபத்தாறு வருடம் ஆகிறது.
ஆளில்லாத வீட்டு வாசலில்
குரலை உயர்த்தாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது இன்னும்.

எச்.எல். இருநூற்றாறு என்றொரு அறிக்கை.
தினமும் அதிகாலை நான்கு பத்துக்கு வரும்.
மேலே தேதி. பக்கம் ஒன்று.
நட்டநடுவில்: பதிவுகள் ஏதுமில்லை.
கீழே: அறிக்கை முடிந்தது.
பனி இடுப்புவரை கிடக்கும் ஜனவரியிலும்
நேற்றிரவு ஆலங்கட்டி விழுந்ததா என்று தன்னையே கேட்டு
இல்லை என்று தனக்கே பதில் சொல்லி
பத்திரப்படுத்தியிருக்கிறது.
பன்னிரண்டாயிரம் இல்லைகளை எண்ணிவிட்டு
காபி குடிக்கப் போனேன்.

"அணைத்துவிடு" என்றார் லிண்ட்க்விஸ்ட்.
"வேண்டியவன் கத்துவான்."
எங்கள் தொழிலில் இதற்கு அலறல் சோதனை என்று பெயர்.
ஜூன் மாத வெள்ளிக்கிழமை மாலை
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டை அணைத்தேன்.
திங்கள், யாரும் கத்தவில்லை.
செவ்வாய், கணக்குப் பிரிவு வணக்கம் சொல்லிப் போனது.

புதன் காலை ஆறு இருபதுக்கு ஒரு போன்.
வின்யார்டிலிருந்து டெல்ஃபின் ஹ்ரிட்சாக், சேத மதிப்பீட்டாளர்.
கத்தவில்லை.
"இருநூற்றாறு வரவில்லை."

அதில் ஒன்றுமே இருக்காதே என்றேன்.

"ஆமாம். அந்த ஒன்றுமில்லையைத்தான் பார்ப்பேன்.
பார்த்தபின் பூட்ஸைக் கழற்றிவிட்டு
இரண்டாவது காபி போடுவேன்.
நான்கு நாளாய் பூட்ஸோடு சாப்பிடுகிறேன்,
வண்டியில் டீசல் நிரப்பி வைத்திருக்கிறேன்.
மழை இல்லையா, தாள் இல்லையா,
எனக்கு எப்படித் தெரியும்?"

புதிய டாஷ்போர்டு இருக்கிறதே என்றேன், வெட்கமில்லாமல்.
"அது பழுதானாலும் வெள்ளையாகத்தான் இருக்கும்" என்றார்.

விடுபட்ட இரவுகளைத் திரும்ப ஓடவிட்டேன்.
அவர் லைனிலேயே இருந்தார்.
எங்கோ பின்னால் ஒரு நாய் தண்ணீர் நக்கிக்குடித்தது.
வெள்ளி: ஏதுமில்லை.
சனி: ஏதுமில்லை.
ஞாயிறு, திங்கள் அப்படியே.
செவ்வாய் இரவு:
பதினோரு பதிவுகள்.

"பெயர்களைச் சொல்."
சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ம் என்றார்.
ஏழாவது பெயருக்கு மட்டும் ம் வரவில்லை.
முடித்ததும் பழக்கத்தில் என் விரல் பதினோராம் விசைக்குப் போனது.
தொகையும் பார்த்துச் சொல்கிறேன், இருங்கள்.

"வலப்பக்கம் போகாதே. அங்கே இன்னும் எதுவும் கிடையாது.
ஒடிந்த தண்டுகளை எண்ணிவிட்டு
நான்தான் போடவேண்டும்."
சாவி சத்தம். கதவுச் சத்தம்.
போனை வைக்க மறந்து போயிருந்தார்;
நாயோடு கொஞ்ச நேரம் நான் மட்டும் இருந்தேன்.

அன்று மாலை, நிறுத்தாமல் வைக்கக் கோரும் படிவம்.
அறிக்கையின் பயன், நாற்பது எழுத்துக்குள்.
'இல்லை என்று சொல்கிறது' என்று எழுதினேன்.
லிண்ட்க்விஸ்ட் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு
திருப்பி அனுப்பினார்:
மொத்தம் எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

ஒன்று.