தோர்த்தா

பெயரைச் சொன்னாலே சண்டை வரும் அந்தத் தீவுகளுக்கு
வடக்கே நாற்பது மைல்.
வீகோ துறைமுகம் விட்டு எழுபத்தொரு நாள்.
கப்பலில் முப்பத்திரண்டு பேர்.
நான் மீன் பிடிப்பவள் அல்ல, பிடித்ததை எழுதுபவள்:
இனம், நீளம், எடை.
காதுக்கல்லைப் பிளந்து வளையம் எண்ணி
மீனுக்கு வயது சொல்வேன்.

எலூதேரியோவின் வயதை எண்ண வேண்டியிருக்கவில்லை.
சிம்போத்தேக்காரன், அவனே தம்பட்டம் அடித்துவிட்டான்.
"வியாழக்கிழமை எனக்கு நாற்பது.
என்ன ரொதேலியோ, தோர்த்தா உண்டா?"
சமையலறையில் இருந்தவர்
கரண்டியை நெற்றிவரை உயர்த்தி சல்யூட் அடித்தார்.
உண்டு, உண்டு.

வியாழன் இரவு தட்டு வந்தது.
தீயில் வாட்டித் தோலுரித்த கத்தரிக்காய்,
காம்போடு தட்டையாக நசுக்கி
முட்டையில் முக்கிப் பொரித்தது.
குளிரறையில் மிஞ்சியிருந்த கடைசி ஆறு.
மூன்று வாரமாக அவற்றை
செய்தித்தாளில் சுற்றி உருளைக்கிழங்குக்கு அடியில்
அவர் ஒளித்து வைத்திருந்தது எனக்கு மட்டும் தெரியும்.
மெழுகுவர்த்தி இல்லாத கப்பல்.
நடுவில் ஒரு தீக்குச்சி எரிந்துகொண்டிருந்தது.

"என்ன இது?"
"தோர்த்தா."
"இது ஆம்லெட்."
"எங்க பங்கசினான்ல இதுக்குப் பேரு..."
"தோர்த்தான்னா மாவு! சர்க்கரை! பாலேடு!
மேல என் பேரு!"

எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே
இயந்திர அறையிலிருந்து ஏறி வந்த நபோர்,
மசட்லானில் பிறந்தவன், தீர்ப்பு வழங்கினான்:
ரெண்டு பேருக்கும் தெரியல.
ரொட்டியைப் பிளக்கணும், உள்ளே பன்றிக்கறி,
அவகாடோ, ஊறவைத்த மிளகாய்,
தாளில் சுற்றி, நின்றபடியே தின்னணும்,
முழங்கை வரை ஒழுகணும்.

"எங்க ஊர்ல தோர்த்தா கன்னத்துல விழும்,"
என்றான் தளத் தலைவன் ஷுர்ஷோ, உள்ளங்கையை விரித்து.
"ஆளுக்கு ஒண்ணு அப்பட்டுமா?"
அவன் மட்டும் சிரித்தான்.

ரொதேலியோ சத்தம் போடுகிறவர் அல்ல.
"இந்தச் சொல்லைக் கப்பல்ல ஏத்தி
எங்க கரையில இறக்கினது உங்க ஆளுங்க.
முந்நூறு வருஷம் கூடவே இருந்தீங்க.
அதை வச்சு நாங்க என்ன சமைச்சோம்னு
ஒருநாள் கேட்டிருக்கீங்களா?"
ஷுர்ஷோ கையை மடக்கிக்கொண்டான்.

பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.
பேர் எழுதுறவங்க நீங்கதானே, சொல்லுங்க.

ஒரே மீனை இவன் ஒன்றாகவும் அவன் வேறாகவும் அழைத்தால்
லத்தீனில் எழுதி இருவர் வாயையும் அடைப்பேன்.
என் கையேட்டில்
மெர்லூசா இருக்கிறது, கணவாய் இருக்கிறது,
திருக்கையில் பதினொரு வகை இருக்கிறது.
தோர்த்தா இல்லை.

எங்கள் ரோச்சாவில் அது மழை.
கூரைத் தகரத்தில் முதல் துளி விழுந்ததும்
மாவும் மாட்டுக்கொழுப்பும் பிசைந்து
வட்டமாகத் தட்டி, நடுவில் விரலால் ஓட்டையிட்டுப்
பொரிப்போம்.
வெயிலடிக்கும்போது யாராவது பொரித்தால்
வீட்டில் சாவா என்று பக்கத்து வீட்டார் கேட்பார்கள்.
இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
இருக்கிற நான்கு போதும் என்று
வாயைப் பொத்திக்கொண்டேன்.

விஞ்ச் மணி அடித்தது. வலை ஏறுகிறது.
ஒரே நிமிடத்தில் மேசை காலி,
பாதி மாட்டிய மஞ்சள் அங்கிகள் படியேறின.
தீக்குச்சி அணைந்து
முட்டையில் கரிக்கோடாகக் கிடந்தது.

விடியற்காலை மூன்று. காப்பிக்குக் கீழே போனேன்.
பூட்ஸைக் கூடக் கழற்றாமல்
சட்டைக்கையெல்லாம் செதில் மின்ன
எலூதேரியோ தட்டின் முன்னால் நின்றிருந்தான்.
ஐந்து காம்புகள் ஓரத்தில் வரிசையாய்.
ஆறாவது அவன் கையில்.

"எப்படி?" என்றேன்.
"நல்லாத்தான் இருக்கு."
மென்றான். விழுங்கினான்.
"ஆனா தோர்த்தா இல்ல."

"தோர்த்தாதான்,"
என்றது திரைக்குப் பின்னால்,
தூங்குவதாக நாங்கள் நினைத்த குரல்.

வட்டச் சன்னலில் மழை அறைந்துகொண்டிருந்தது.
எனக்குப் பசித்தது.