லேபிளில் மூன்றாவது சொல்

கானாடுகாத்தானில் ஓட்டலாகிவிட்ட பெரிய வீடொன்றுக்கு
மாதம் இருநூறு குப்பி லோஷன் போடுகிறேன்.
கட்டைவிரல் உயரக் குப்பி.
பிரான்சிலிருந்து வருகிறவர்கள் பாதி தேய்த்து
பாதியை விட்டுப் போவார்கள்.

அந்தப் பாதிகள் அடைக்கலமேரிக்கு.
பதினெட்டு அறை துடைக்கிறவள்.
ஆத்தங்குடிக் கல்லில் நாளெல்லாம் ஈரக்காலோடு நின்று
குதிகால் இரண்டும்
ஐப்பசி பொய்த்த கண்மாய்.

அன்று ஒரு குப்பியை வெளிச்சத்தில் பிடித்து
எழுத்துக் கூட்டினாள்.
"தண்ணீர். தேங்காய் எண்ணெய். செட்டைல்…
செட்டியார் வீட்டு ஆயிலாக்கா?"
சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
விரல் பக்கத்துச் சொல்லில் நின்றிருந்தது.
"ஆல்கஹால்."

தமிழிலும் அச்சடிக்கச் சொன்னது நான்தான்.

"இது வேணாங்க்கா. வீட்ல அந்த ஆளு இருக்காரு.
ஊரடங்குல கடை மூடுனப்ப
கைகழுவுற மருந்தையே குடிச்சவரு.
பேரு எழுதியிருந்தாப் போதும்,
மூடியத் திறந்துருவாரு."

வேதியியல் படித்த வாய், சும்மா இருக்குமா.
குடும்பம் அதுதான் மேரி, வீடு வேறு.
இரண்டு கரி அணு கைகோத்தால் சாராயம்,
பதினாறு கோத்தால் மெழுகு.
எரிக்காது, தலைக்கேறாது.
முன்பு திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்தார்கள்,
இப்போது செம்பனையிலிருந்து.
என் மூட்டையில் மலேசியா என்று போட்டிருக்கிறது:
இந்த வீட்டைக் கட்டிய பணம் வந்த அதே திசை.

சொல்லச் சொல்ல
அவள் முகத்தில் எதுவும் ஒட்டவில்லை.
ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து
செக்காலைக்கு வா என்றேன்.

வந்தாள். ஒரு டம்ளரில்
தண்ணீரும் எண்ணெயும் ஊற்றிக் கொடுத்தேன்.
அடித்தாள், ஆற்றினாள், கீழே வைத்தாள்.
எண்ணெய் மேலேறி உட்கார்ந்துகொண்டது.
"சேராதுக்கா. எங்க வீடு மாதிரி."

மூட்டையைப் பிரித்தேன்.
வெள்ளைச் செதில், அள்ளினால் அவல்.
எண்ணெயில் போட்டுச் சூடேற்ற
கண்ணாடியாய்க் கரைந்து காணாமல் போனது.
கூடவே இன்னொரு மெழுகு:
தனியாக இதனால் முடியாது,
அதையும் சொல்லிவிட வேண்டும்.
இன்னொரு அடுப்பில் எழுபத்தைந்தில் நின்ற தண்ணீரை
மெல்ல ஊற்றினேன்.
பால்.

"கிளறு. ஆறும்வரை நிறுத்தாதே."
இருபது நிமிடம் கிளறினாள். கரண்டி கனத்தது.
நான் பேசிக்கொண்டே இருந்தேன்:
முடிச் சிக்கெடுக்கும் கண்டிஷனரில் இதுதான்,
சவர நுரை விழாமல் நிற்பதும்
மே மாத வெயிலில் உதட்டுச்சாயம் வழியாததும்
இது இருப்பதால்தான்,
நீ துடைக்கிற ஒவ்வொரு அறையிலும்
நாலைந்து குப்பியில் இருக்கிறது…
நான் தடுப்பதற்குள்
ஒரு சொட்டை நாக்கில் வைத்துத் துப்பினாள்.

"தூ. இத எவன் குடிப்பான்."

அவளுக்கு வேண்டியிருந்த சான்றிதழ் அது.

ஆனாலும் சொல்லை எடுக்கச் சொன்னாள்.
முடியாது மேரி, சட்டம்.
ஒரு குப்பியை வாங்கினாள். நகத்தால் ஓரம் கிளப்பி
லேபிளைக் கிழியாமல் உரித்து
என் மூட்டையின் மேல் ஒட்டினாள்.
"சட்டம் இங்கனயே இருக்கட்டும்."

அடுத்த மாதம் பெட்டியோடு போனபோது
ஒரு குதிகால் மூடியிருந்தது.
மற்றது அப்படியே வெடித்துக் கிடந்தது.
என் பார்வையைப் பார்த்துச் சொன்னாள்:
"மொதல்ல மோந்து பாத்தாரு. ரொம்ப நேரம்.
பொறகு அவரே ஒரு காலுக்குத் தேச்சுவிட்டாரு.
அடுத்த காலுக்குள்ள
தூங்கிட்டாரு."

குடித்திருந்தாரா என்று நான் கேட்கவில்லை.
அன்றைய பாதிக் குப்பிகள் ஐந்து
அவள் பையில் ஏற்கெனவே இருந்தன.
உரித்த லேபிள்களை
மறக்காமல் என் கையில் கொடுத்தாள்.