பக்கத்து இலக்கு

முதல் மூன்று மாதம் நைரி சுடவே இல்லை.
இலக்குப் பள்ளத்தில் நின்று
அடுத்தவர் துளைகளை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

தொள்ளாயிரம் மீட்டருக்கு அப்பால் ஒரு கான்கிரீட் சுவர்,
சுவருக்குப் பின்னே அவள்,
தலைக்கு மேலே சட்டத்தில் விறைத்த வெள்ளைத் தாள்.
முதலில் சாட்டை சொடுக்கியதுபோல் ஒரு சத்தம்.
தாள் அதிரும்.
அதற்கப்புறம்தான், ஒரு மூச்சு கழித்து,
தூரத்தில் யாரோ கதவைச் சாத்தியதுபோல்
துப்பாக்கி தன் பங்குக்கு ‘டொம்’ என்னும்.
செய்தி வந்து சேர்வதற்குள்
காரியம் முடிந்துபோயிருக்கும்.
சட்டத்தை இறக்கு. பசைத்தாள் ஒட்டு. ஏற்று.
பால்பவுடர் ஆலையில் இரவுப்பணி முடித்து
தூங்காத கண்ணோடு வருகிறவளுக்கு
அந்த வேலை பிடித்திருந்தது.
எந்தத் துளையும் அவளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

படுத்துச் சுடத் தொடங்கியபோதுதான் தெரிந்தது
ஓர் உடம்பில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று.
மூச்சை வெளியே அனுப்பினால்
நாடி வந்து உட்காரும்,
தோள்வார் வழியே ஏறி
குறிவளையத்தைத் தட்டித் தட்டி விளையாடும்.
நாடி ஓயட்டும் என்று காத்திருந்தால்
கண் கலங்கும்.
இழுத்துப் பிடித்தால் வரும், விட்டால் திரும்பிப் போகும்.
கடைசியில் துப்பாக்கியோடு மல்லுக்கட்டுவதை விட்டு
இடுப்பை நகர்த்தினாள்,
ஒரு விரற்கடை.
நாய் தன் சாக்கில் சுருண்டுகொள்வதுபோல்
அது தானாகப் போய்க் கறுப்பில் படுத்தது.

காற்று மிச்சமிருந்தது.
வடக்கிலிருந்து வருவதை வாடை என்று நடுங்குவது
நம் கணக்கு.
இந்தத் தீவில் வடமேற்கு, மலை தாண்டி இறங்கினால்
புல் கருகும், குதிரைகள் கடிக்கும்,
ஒட்டாகோவின் சமையலறைகளில்
காரணமில்லாமல் தட்டு உடையும்.
கொடிகள் ஆறு. காலடியில் இருப்பது பொய் சொல்லும்.
நடுவில் ஓடைப்பள்ளத்தில்
காற்று எதிர்த்திசையில் தவழ்கிறது,
அங்கே கொடி இல்லை, டசக் புல்தான்.
அங்கே கானலைப் பார்க்க வேண்டும்.
ஏமாறுவதற்கென்றே நாம் வைத்திருந்த சொல்
இங்கே சாட்சிக்கூண்டில் நிற்கிறது:
கானல் வலப்பக்கம் ஓடினால் காற்றும் வலப்பக்கம்,
கொதித்து நேரே எழுந்தால்
காத்திரு, அது மனம் மாறப்போகிறது.

குறிப்பேட்டில் எழுதினாள்:
இடம் நான்கு சொடுக்கு. போதவில்லை.
ஐந்து. அதிகம்.
மதியம் சாப்பிடவில்லை,
அதனால்தான் என்று சொல்லிக்கொள்ளாதே.

பிப்ரவரிப் போட்டி. ஏழாம் எண் அவளுக்கு.
எட்டு, கம்பளி கத்தரிக்கும் ஹமுவேராவுக்கு.
ஒன்பது தோட்டா போய்விட்டது,
நாலு, அஞ்சு, நாலு, ஒரு மூன்றுகூட.
முழங்கைக்கடியில் ஒரு கல் உறுத்த
நகர்ந்தாள்,
ஒரு விரற்கடை.
கானல் சாய்ந்து படுத்தது.
மூச்சு போயிற்று. ஒரு நாடிக்கும் மறு நாடிக்கும் இடையில்
யாரும் இல்லாத ஓர் அறை.
விசையை இழுத்தது தானா என்று
இன்றைக்கும் அவளுக்கு நிச்சயமில்லை.

ஏழு இறங்கவில்லை.
எட்டு இறங்கியது.

‘நான் இன்னும் சுடவே இல்லையே’ என்றான் ஹமுவேரா.
எட்டு மெல்ல ஏறிவந்தது,
நட்டநடுவில், பொட்டு வைத்ததுபோல்,
ஆரஞ்சு வில்லை.

விதி எளிது: அவளுக்குச் சுழியம்.
அவன் பிறகு சுட்டது ஓரத்தில் பட்டது, மூன்று.
இரண்டில் நல்லது அவன் கணக்கில் சேரும்.
தொப்பியைக் கழற்றி வணங்கினான்,
‘இந்த வாரம் ஆட்டுக்கால் ஒன்று உனக்கு’ என்றான்.
எல்லோரும் சிரித்தார்கள். அவளும்,
கொஞ்சம் தாமதமாக.

அடுத்த சுற்றுக்குப் பள்ளத்தில் அவள் முறை.
எட்டைக் கேட்டு வாங்கினாள்.
கடைசித் துளைகள் இரண்டும் ஒட்டப்படாமல் இருந்தன.
ஓரத்தில் இருந்ததை உடனே மூடினாள்.
நடுவில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள்,
நகம் வரை போயிற்று.
அந்தப் பக்கம் வெயில்.

மேலே யாரோ அவசரப்படுத்தினார்கள்.
பசைத்தாளை நாக்கில் நனைத்து
ஒட்டினாள்,
சற்றுக் கோணலாக.