மூன்றாம் அறைக்காரிக்கு

ஆறு மணிக்கு முன் எழும்பு, இனெஸ்.
எட்டுக்குப் பிறகு இந்த ஊர்
குடை பிடித்தவர்களுக்கு மட்டும்.

கன்னியாவில் ஏழு கிணறு.
முதலாவதில் தொடங்காதே, எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள்.
மூலையில் உள்ளதில் வாளியை விடு,
பொறுக்க முடிந்தால் அடுத்ததற்குப் போ.
எதில் சூடு கூட என்று என்னிடம் கேட்காதே,
ஒவ்வொரு முறையும் வேறொன்றைச் சொல்வேன்.

கோட்டைக்குள் மான்கள் வழி மறிக்கும்.
பயப்படாதே. கைப்பையை மூடு.
போன கிழமை ஒரு ஜெர்மன்காரரின்
ரயில் டிக்கெட்டைத் தின்றுவிட்டது ஒன்று.
அவர் இன்னும் இரண்டு நாள் என் வீட்டில் தங்கினார்.
அந்த மானுக்கு நான் கடன்.

மலை உச்சிக் கோயிலில்
செருப்பு விடுகிற இடத்திலிருந்து
நிழல் வரைக்கும் முப்பது அடி.
ஓடு. வெட்கப்படாதே.
பெரிய மனுசரும் ஓடுவார்கள்.

புறாமலைக்கு நயீமின் படகு.
அவன் விலை சொல்லமுன் சிரிக்காதே,
சொன்ன பிறகு சிரி.
பவளத்தில் கால் வைக்காதே.
மீன்கள் என்ன நிறம் என்று வந்து சொல்லு.
பதினொரு வருஷமாய் ஆட்களை அனுப்புகிறேன்,
நான் போனதில்லை.
வெள்ளிக்கிழமை விரிப்புத் தோய்க்கிற நாள்,
மற்ற நாளில் வேறு ஏதாவது.

தென்னந்தோப்புக்கு அப்பால் ஒரு கரை,
அதை நான் எழுதவில்லை.
வரைபடத்தில் இருக்கும்.
நல்ல மணல்தான்.

பின்னேரம் டச்சுக்குடா. கச்சான் வாங்கு.
எங்களுக்குக் கச்சான் இரண்டு:
ஒன்று பேப்பர்ச் சுருளில் வறுத்தது,
மற்றது காட்டுப் பக்கத்திலிருந்து வருகிற காற்று.
முதலாவதற்குப் பேரம் பேசலாம்.
இரண்டாவது சும்மா வரும்,
வந்தால் மூன்று நாள்
கதவு அடிக்கும், பால் திரையும்,
என் வீட்டுக்காரர் வாய் திறக்கமாட்டார்.

•

நீ போன பிறகு தலையணைக்குக் கீழே ஒரு தாள்.
உன் கடற்கரை,
என்னுடையதைவிட மோசமான இங்கிலீஷில்.

ஓகஸ்டில் வராதே, செப்டெம்பரில் வா.
கடலைப் பார்த்த மேசையில் சாப்பிடாதே,
பின்தெருவில் ஒரு கடை, பலகை இல்லை,
பொரித்த நெத்தலி கேள்.
மலைக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரம் கிடையாது,
ஆனால் வரும்.
கிழக்கிலிருந்து ஒரு காற்று, பெயர் லெவான்தே.
அது வீசுகிற நாளில்
வீடு வாங்காதே, கலியாணம் பேசாதே,
என் அம்மாவிடம் ஒன்றும் கேட்காதே.

விசாவுக்குக் கொழும்பு போகவேண்டும்.
அந்தக் கதை வேண்டாம்.
தாளைக் கரண்ட் பில்லோடு வைத்திருக்கிறேன்,
மாதம் ஒருமுறை கையில் படும்.

இன்று கச்சான்.
பால் திரைந்துவிட்டது.
பின்கதவுக்கு அம்மிக்குழவியை முட்டுக்கொடுத்தபடி
வீட்டுக்காரரிடம் சொன்னேன்,
இதுக்கு இன்னொரு ஊரில் வேறு பேர் இருக்கு.

மூன்று நாளில் முதல் தடவையாய்
தலையைத் திருப்பினார்.
என்ன பேர்?