இருபது பூஜ்யங்கள்

தகரத்தில் வெட்டி வெள்ளையடித்தவை,
பெட்டியில் இருபது.
சிறு கல்லூரிகளின் தேசிய பேஸ்பால் வாரத்தில்
ஒரு வருஷமும் அவை போதாமல் போனதில்லை.

இடாஹோவில், ஆற்றுக்கு மேலே,
மே மாதக் கடைசி இரவு.
ஸ்கோர் பலகையின் பின்னால் மரச்சாரத்தில் நான்.
பகலில் தானியக் கிடங்கில் எடை எழுதுகிறவள்.

நெப்ராஸ்கா இரண்டு. ஜார்ஜியா இரண்டு.
நான்காம் இன்னிங்ஸோடு எல்லாம் நின்றுபோனது.
அப்புறம் முட்டை, முட்டை, முட்டை.
அடைகாக்க ஆளில்லை.

பதினோராவது முடிந்தபோது பெட்டி காலி.
"ஓடெட்! வட்டமா ஏதாவது இருக்கா?"
அவள் கடையை மூடிக்கொண்டிருந்தாள்.
செர்ரி பை சுட்ட அலுமினியத் தட்டுகளை
ஒவ்வொன்றாக மேலே வீசினாள்.
மாட்டினேன்,
நடுவில் ஓட்டையில்லாத பூஜ்யங்கள்.
பன்னிரண்டோடு பலகையும் தீர்ந்தது;
கம்பத்தில் புது ஆணி அடித்தேன்.

கீழேயிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஒன்றுமில்லாதது.
துளை வழியே பார்க்கிற எனக்குத் தெரியும்,
ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவன்
முழங்கை தேய்த்திருக்கிறான்.

பதினான்கு. கீழ்ப்பாதி. மணி ஒன்றரை.
சாதாரணப் பந்து, தரையோடு வந்தது.
நெப்ராஸ்காவின் ஷார்ட்ஸ்டாப் குனிந்தான்.
அவன் கால்களுக்கு நடுவே
கதவு திறந்த வீட்டில் நுழைவதுபோல் போயிற்று.
இரண்டாம் பேஸிலிருந்தவன் வீடு வந்து சேர்ந்தான்.

இரவெல்லாம் என் மடியில் கிடந்த 'ஒன்று'
சூடாக இருந்தது.
மாட்டக் கொஞ்சம் தாமதித்தேன்.
அதற்கு மேல் என்ன செய்ய.

ஜார்ஜியா ஒருவர்மேல் ஒருவராக விழுந்து கிடந்தது.
விளக்குகள் பாதி அணைந்தபின்
ஏணியடியில் அவன் நின்றான்,
டோபின் ருவேலஸ், காலுறை ஒன்று இறங்கியிருக்க.
வெளியே அவர்களுடைய பேருந்து உறுமிக்கொண்டிருந்தது.

"பன்னிரண்டாவது, கீழ்வரிசை.
அது எந்தத் தட்டு?"

எனக்கு ஞாபகம் வந்தது. இடப்பக்கம் பாய்ந்து,
காற்றிலேயே பந்தைப் பிடுங்கி,
வாயெல்லாம் மண்ணோடு எழுந்தவன்.
அன்றைக்கு ஊரே எழுந்து நின்றது;
அன்றைக்கு என்றால், ஒரு மணி நேரத்துக்கு முன்.

கழற்றிக் கொடுத்தேன்.
விளிம்பில் பாகு காய்ந்திருந்தது.
நகத்தால் சுரண்டி வாயில் வைத்துக்கொண்டான்.
"ஓடெட் தட்டைத் திருப்பிக் கேட்பாள்" என்றேன்.
அவன் அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தான்.