நூற்று நான்காம் சாவடி

மழை பிடித்தால் தொண்ணூறுக்கு மேல்,
வெயிலடித்தால் எண்பதே அதிகம்.
ஈரக் கனோலாவை அறுக்க முடியாதவன்
வேறெங்கே போவான்?
ஓட்டுப் போட வருவான்.
சஸ்காச்சுவான் செய்தித்தாள்கள் இதற்கு
வேறேதோ காரணம் எழுதுகின்றன.

கர்லிங் அரங்கின் பின்னறை. இன்னும் ஐஸ் போடவில்லை.
பட்டியலில் எழுபத்து நான்கு பெயர்.
ஸ்கேலும் பென்சிலுமாக நான்.
டிரக் நிற்கும் சத்தத்திலேயே கோடு கிழித்துவிடலாம்,
ஆனாலும் அடையாள அட்டையைக் கேட்கிறேன்.
கேட்கவேண்டும் என்பது விதி.
என் பிரசவத்துக்குக் கார் ஓட்டிய வெர்னா ஷெவ்சுக்கூட
அட்டையை நீட்டுகிறாள்,
முகத்தை ஒருமுறை திருப்பிக் காட்டிவிட்டு.

ஆறு தேர்தலாக ஒரே கணக்கு.
அந்தப் பக்கம் ஊர். இந்தப் பக்கம் ஒன்று.
ஐம்பத்தெட்டுக்கு ஒன்று.
அறுபத்து மூன்றுக்கு ஒன்று.
போன தடவை, நல்ல மழை, அறுபத்தாறுக்கு ஒன்று.

அந்த ஒன்றுக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது,
ஓரெஸ்ட் ஒலெக்சின்.
தானியக் கிடங்கில் எடைபோட நிற்கும்போது
யாரும் கேட்காமலே சொல்வார்:
"நான்தான். என்ன செய்யப்போகிறீர்கள்?"
என்ன செய்வார்கள்?
எதிர்க்கட்சிப் பலகையை அவர் டிராக்டரில் கட்டினார்கள்.
பியர் கணக்கை அவர் தலையில் எழுதினார்கள்.
பனி வழிக்கும் வண்டி அவர் பாதைக்குக்
கடைசியாக வந்தது, மத்தியானத்துக்கு மேல்.
அதை ஓட்டுபவன் என் கணவன், லைல்.

எனக்கு மட்டும் தெரிந்த கழித்தல் ஒன்று உண்டு.
அந்த ஒன்று நான் போட்டது.

ஒன்றிலிருந்து ஒன்று போனால்
ஓரெஸ்ட் எங்கே?
ஆறு முறையும் அவர் ஊரோடுதான் போட்டிருக்கிறார்.
அட்டை மறைப்புக்கு வெளியே வந்து
ஏன் மாற்றிச் சொன்னார் என்று தெரியாது.
கேட்டால், உனக்கெப்படித் தெரியும் என்பார்.
கேட்கவில்லை.
காபி ஊற்றிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.
ஒருமுறை கோப்பையை வாங்கிக்கொண்டு
என்னைக் கொஞ்சம் அதிகநேரம் பார்த்தார்.
அல்லது சர்க்கரையைத் தேடினார்.

பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தார்.
குழி வெட்ட நிலம் இளகவில்லை, ஏப்ரல்வரை காத்திருந்தார்.
இறந்த அன்று மட்டும் லைல்
அவர் பாதையை முதலில் வழித்தான்.

அக்டோபர். மறைப்புக்குள் என் முறை.
நூல் கட்டிய பென்சில், நான்கு பெயர், நான்கு வட்டம்.
குறி போட்டால் இன்று இரவு
அறுபத்தொன்பது பேர் ஒருவரையொருவர் எண்ணுவார்கள்.
நேற்றுவரை செத்தவன் தலையில் கிடந்தது
எந்த வீட்டுக்கு நடந்துபோகும்?
எங்கள் வீட்டில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி.
"வாய்ப்பாடா படிக்கிறாய், டோரீன்?"
வெளியே யாரோ சிரித்தார்கள்.
மடித்தேன். போட்டேன்.

ஏழரைக்குக் கதவைச் சாத்தினோம்.
எண்ணும்போது இருக்கக் கூடாதவர்கள்
ஜன்னலுக்கு வெளியே மழையில் நின்றார்கள்.
வெர்னா பிரித்துப் படிக்கப் படிக்க
நான் ஐந்தைந்தாகக் கோடு போட்டேன்.
அறுபத்தொன்பது.
கடைசிச் சீட்டைத் திருப்பினாள்,
விளக்கில் பிடித்தாள், மறுபடி திருப்பினாள்.
"யாரோ மறந்துபோயிருக்கிறார்கள், பாவம்."

செல்லாதவை என்ற கட்டத்தில்
ஒன்று என்று எழுதினேன்.
என் ஒன்று எப்போதும் கொஞ்சம் சாயும்,
இது நேராக நின்றது.

"பார்த்தீர்களா, கிழவன்தான்!"
ஜன்னலுக்கு வெளியே தொப்பிகள் ஆடின.
யாரோ அவர் பெயருக்கு ஒரு பாட்டில் திறந்தார்கள்,
இந்தமுறை அவரவர் காசில்.

டிரக்கில் லைல் வைப்பரைப் போட்டான்.
"எத்தனை பேர்?"
எழுபத்து நான்கில் எழுபது என்றேன்.
"நல்ல கூட்டம்."
காலையிலிருந்து மழை, என்றேன்.
ஒலெக்சின் பாதை முனையில்
காரணமில்லாமல் வேகத்தைக் குறைத்தான்.