ஓரத்தில் ஒரு பென்சில்

எல்கோ நூலகத்தில்
மீன்பிடிப்புக்கும் வருமான வரிக்கும் நடுவே
போக்கருக்கென்று இருந்தது ஒரே ஒரு புத்தகம்,
முதுகில் டேப் ஒட்டி.
நெவாடா தங்கச் சுரங்கத்தில் இரவு லாரி ஓட்டுகிறவன் நான்.
ஒரு மோதிரத்துக்கு ஒரு குன்று என்று
அள்ளிக் கொட்டுகிற பிழைப்பு.
நிகழ்தகவு எனக்குப் புதிதில்லை.

லோடுக்குக் காத்திருந்த நேரமெல்லாம்
ஸ்டியரிங்மேல் விரித்துவைத்துப் படித்தேன்.
நடுவில் கிடக்கும் பணத்தை எண்ணு,
எஞ்சிய சீட்டை எண்ணு,
உனக்குப் பின்னால் எத்தனை பேர் பேச இருக்கிறார்கள் என்று பார்.
எல்லாம் சரிதான்.
பஸ் கால அட்டவணை சரியாக இருப்பதுபோல.

ஆனால் ஓரங்களில் ஒரு பென்சில் இருந்தது.

"இதெல்லாம் லாஸ் வேகஸில்."
"சுத்தப் பேத்தல்."
"சம்பள நாளில் செய்யாதே."
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
இரண்டு அடிக்கோடு போட்டு:
"கடைசிச் சீட்டுக்குப் பிறகு பெரிய தொகை வந்தால்
கவிழ்த்துவிடு.
இந்த ஊரில் அந்த இடத்தில் யாரும் பொய் சொல்வதில்லை.
பார்த்துவிட்டேன், 17 முறை."

அச்சை விட்டேன், பென்சிலைப் பிடித்துக்கொண்டேன்.
அச்சடித்தவர் எங்கேயோ இருப்பவர்.
இது நம் குளிரில் விறைத்த விரல்.

ரூபி ஹோட்டல் பின்னறை,
செவ்வாய் இரவு, ஒன்பது நாற்காலி.
அந்தக் குளிர்காலம் முழுக்கக் கவிழ்த்தேன்.
இரண்டு ஜாக்கிகளைக் கவிழ்த்தேன்,
ஒருமுறை இரண்டு ராஜாக்களையே கவிழ்த்துவிட்டு
கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டேன்.
பெரும்பாலும் டெனிஸ் உரிசாகாவுக்கு எதிரே.
கேஸ் டிப்போவில் கணக்கு எழுதுகிறவள்.
ஆட்டத்துக்கு ஆட்டம் சுடோகு கட்டம் நிரப்புவாள்.

மார்ச்சில் ஒரு இரவு
என் கையில் இரண்டு ராணி.
கடைசியாக விழுந்தது ஸ்பேட் நாலு,
மேசையில் மூன்றாவது ஸ்பேட்.
நூற்று நாற்பது டாலரை நகர்த்தினாள் டெனிஸ்.
விரல் தானாகச் சீட்டைக் கவிழ்க்கப் போனது.
அவள் முழங்கை அப்போது சற்று விலக,
கட்டத்துக்குள் ஒரு ஏழு.
இடுப்பில் குறுக்குக் கோடு போட்ட ஏழு.
எனக்குத் தெரிந்த ஏழு.

பதினேழு முறை பார்த்தாளாம்.
யார் கையை?

பணத்தைத் தள்ளினேன்.
ஹார்ட்டின் பத்து, டைமன் ஒன்பது.
ஒன்றுமே இல்லை அவளிடம்.
முகம் மாறவில்லை.
கட்டத்தில் எதையோ அழித்துக்கொண்டே
"எந்தப் பக்கம்?" என்றாள்.
சொன்னேன்.
டீலர் ஆர்லெட்டுக்குப் புரியவில்லை,
சிப்புகளை என் பக்கம் ஒதுக்கினாள்.

சனிக்கிழமை, நூலக வாசலில் காரை நிறுத்தி
ஹீட்டரை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.
சட்டைப்பையில் அழி ரப்பர்,
அதற்காகவே வாங்கியது.
புத்தகத்துக்கு அடுத்து பெயர் பதிந்திருப்பவன் கோல்பி ராஸ்முசன்,
எங்கள் டயர் ஷாப்புக்குப் புதிது.
போன வாரம் இரண்டாம் நாற்காலியில் உட்கார்ந்தான்.
அவன் பிக்கப்புக்கு இன்னும் ஐம்பது தவணை பாக்கி.
நல்ல பையன். எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறவன்.

நூற்றுப் பன்னிரண்டைத் திறந்தேன்.
அவள் வரிக்குக் கீழே
ரப்பருக்கு மறுமுனையால் எழுதினேன்:
"உண்மை. நானும் பார்த்தேன், 9 முறை."

எழுதி முடித்து ஊதினேன்,
மை இல்லை என்று தெரிந்தும்.